விக்டோரியா காலத்துப் பூப்போட்ட டீபாட்: அசலா? கழுவலாமா? டீ போடலாமா?

முதலில் கவிழ்த்து அடியைப் பாருங்கள். விக்டோரியா ஆண்டது 1837 முதல் 1901 வரை. அடியில் வைர வடிவ முத்திரை இருந்தால், 1842-க்கும் 1883-க்கும் இடையில் பதிவான வடிவமைப்பு. அதன் உச்சி வட்டத்தில் இருக்கும் ரோமன் எண் நான்கு, மண்பாண்ட, பீங்கான் வகையைக் குறிக்கும். 1884 முதல் அதற்குப் பதிலாகத் தொடர் எண் வந்தது. இரண்டுமே வடிவமைப்பைப் பதிவு செய்த தேதியைத்தான் சொல்லும்; பாத்திரம் அதற்குப் பல வருடம் கழித்தும் வார்க்கப்பட்டிருக்கலாம். 'இங்கிலாந்து' என்று நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அமெரிக்கா அப்போது இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அநேகமாக 20-ஆம் நூற்றாண்டு. முத்திரையே இல்லாமல் தூரிகையால் எழுதிய எண் மட்டும் இருந்தால் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்தக் காலத்தில் அது சகஜம்.

அடுத்து, பத்து மடங்கு லென்ஸில் பூவைப் பாருங்கள். கையால் தீட்டியதில் தூரிகை வீச்சு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் தெரியும். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அச்சு. கோட்டை அச்சில் எடுத்து, உள்ளே கையால் வண்ணம் நிரப்பும் முறையும் அன்று பரவலாக இருந்தது. அதையும் தாராளமாக வாங்கலாம்.

பெரும்பாலான பூ வேலையில் வண்ணமும் தங்கக் கோடும் பளபளப்புப் பூச்சுக்கு மேலே வைத்து, சுமார் 700–800 டிகிரி செல்சியஸில் சுட்டவை. பூச்சு அதைவிட அதிக வெப்பத்தில் சுட்டது என்பதால் அது கெட்டி, மேலே இருக்கும் வண்ணம் மென்மை. புளி, எலுமிச்சை, ஸ்க்ரப்பர், பாத்திரப் பவுடர் எதுவும் பக்கத்தில் போகக் கூடாது: அமிலம் வண்ணத்தை அரிக்கும், பவுடர் தங்கத்தைத் தேய்த்து எடுத்துவிடும். பிளீச் இன்னும் மோசம். விரிசலுக்குள் இறங்கிக் காயும்போது அதன் உப்பு படிகமாகிப் பூச்சையே உரிக்கும்.

பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் மிதமான திரவ சோப் ஒரு சொட்டு விட்டு, மூடியைத் தனியாகவும் பானையைத் தனியாகவும் பஞ்சால் துடையுங்கள். கைப்பிடி உடைந்து ஒட்டப்பட்டிருந்தால் வெந்நீரில் பழைய பசை இளகிக் கையோடு வந்துவிடும். அதனால் கழுவும் முன்பே கைப்பிடியும் மூக்கும் பானையோடு சேரும் இடங்களை புற ஊதா டார்ச்சில் பாருங்கள். ஒட்டி வண்ணம் பூசிய இடம் பல நேரம் வேறு நிறத்தில் ஒளிரும். தூக்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமல், இரண்டு கையாலும் அடியைத் தாங்குங்கள்.

டீ போட வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அக்காலப் பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் சேர்ப்பது வழக்கம். உள்பூச்சு தேய்ந்தோ நுண்விரிசல் விட்டோ இருந்தால் ஆபத்து கூடும். எலுமிச்சை டீயின் புளிப்பு ஈயத்தை இன்னும் எளிதாக வெளியே இழுக்கும்.

கைப்பிடி கழன்றால் சூப்பர் குளூ போடாதீர்கள். பழம்பொருள் பராமரிப்பவர்கள் அசிட்டோனில் கரைத்த பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பசையாகப் பயன்படுத்துகிறார்கள். ஒட்டியது கோணலாகிவிட்டால் அதை அசிட்டோனிலேயே கரைத்து எடுத்து, மறுபடி சரியாகப் பொருத்தலாம்.