உருட்டிக்கொண்டு ஏறுவதும் ரேஸ்தானா? – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்க மலைப்பாதைகளில் நடக்கும் லெட்வில் 100 சைக்கிள் ரேஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு வயது 44, டாலஸில் இருக்கிறேன். தார் ரோட்டில் நூறு மைலை ஆறரை மணி நேரத்தில் ஓட்டியிருக்கிறேன். லெட்வில்லில் 12 மணி நேரம் தருகிறார்களே, அது தாராளம்தானே? நீங்களோ பல இடங்களில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறியதாக எழுதியிருக்கிறீர்கள். ரேஸுக்குப் போய்விட்டு உருட்டுவது அவமானமாக இருக்காதா? இங்கே மேடு என்றால் ஃப்ளைஓவர்தான். எப்படிப் பயிற்சி எடுப்பது? துணைக்கு மனைவியை அழைத்துப் போகலாமா?

ச.

அன்புள்ள ச.,

உங்கள் கணக்கைத்தான் முதல் தடவை நானும் போட்டேன். 104 மைல், அதாவது 167 கிலோமீட்டர். 12 மணி நேரத்தில் வகுத்தால் மணிக்கு 14 கிலோமீட்டர்கூட வராது. பால்காரர் கேன் மாட்டிக்கொண்டு போகிற வேகம். அந்தத் தெம்பில் போனவனை, திரும்பும் வழியில் கெடு தாண்டிவிட்டது என்று நிறுத்தி வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள்.

கொலராடோவில் இருக்கும் லெட்வில் ஊரே 10,000 அடிக்கு மேல். கடல்மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய 70 சதவீதம்தான் அங்கே கிடைக்கும். ரேஸ் போன வழியே திரும்புகிற கொலம்பைன் சுரங்கம் சுமார் 12,500 அடி. அங்கே இன்னும் குறைவு. நின்ற இடத்தில் ஷூ லேஸ் கட்டக் குனிந்தாலே மூச்சு வாங்கும். நம் ஆறரை மணி நேரச் சாதனையெல்லாம் அங்கே செல்லாது.

கொலம்பைன் ஏற்றத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்கள் அவமானக் கேள்விக்கான பதில் அங்கேதான் இருக்கிறது. ட்வின் லேக்ஸ் ஏரியிலிருந்து கிட்டத்தட்ட எட்டு மைல், மூவாயிரம் அடிக்கு மேல் ஏற்றம். முதலில் பாதித் தூரத்துக்கும் அதிகமாக நல்ல மண் சாலைதான், சின்ன கியரில் உட்கார்ந்தே மிதிக்கலாம். மரங்கள் முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் பாதை குறுகி, முஷ்டி அளவு கற்கள் உருளும் ஆட்டுத் தடமாகிவிடும். அங்கே நூற்றுக்கணக்கான பேர் வலது ஓரமாக வரிசை கட்டி உருட்டிக்கொண்டு போகிறார்கள். இடது பக்கம், ஏறி முடித்தவர்கள் தடதடவென்று இறங்கி வருகிறார்கள். யாரும் பேசுவதில்லை. மூச்சுச் சத்தமும், ஷூவுக்கு அடியில் கல் நெரிகிற சத்தமும்தான். முன்னால் போகிறவருடைய பின் டயரையே பார்த்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். எனக்கு முன்னால் போனவர் டயரில் ஒரு மஞ்சள் பூ ஒட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. அரை மணி நேரம் அதைத்தான் பார்த்தேன்.

அந்த இடத்தில் மல்லுக்கட்டி மிதித்தால் என் வேகம் மணிக்கு ஐந்து கிலோமீட்டர். உருட்டினால் நான்கு. அந்த ஒரு கிலோமீட்டருக்காக இதயத்தைத் தொண்டைக்குக் கொண்டுவந்தால், இறங்கும்போது கை நடுங்கும், அப்புறம் சாப்பாடு இறங்காது. முதல் தடவை நான் வறட்டு கௌரவத்தில் மிதித்தேன். மேலே போய்ச் சேர்ந்ததும் பாறையில் உட்கார்ந்துவிட்டேன், பதினைந்து நிமிடம். உருட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். நமக்கு நேரம் போவது நிற்பதில்தான். உதவி முகாம்களில் தர்பூசணித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு கதை பேசினால் பத்துப் பத்து நிமிடமாகக் கரையும். இரண்டாம் தடவை உருட்ட வேண்டிய இடத்தில் உருட்டினேன், எங்கேயும் உட்காரவில்லை. 11 மணி 38 நிமிடம்.

திரும்பி வரும்போது எண்பதாவது மைல் வாக்கில் பவர்லைன் என்று இன்னொரு ஏற்றம். மின்கம்பிகளுக்குக் கீழே செங்குத்தாகப் போகும். அதன் அடிவாரத்தில் நம்மைப் போன்றவர்கள் ஓட்டி நான் பார்த்ததில்லை. காலையில் அதே சரிவில் இறங்கும்போது மழைத்தண்ணீர் அரித்த பள்ளங்களில் கவனம். எனக்கு டயரின் பக்கவாட்டில் கிழிந்தது. ஒரு டாலர் நோட்டை மடித்து உள்பக்கம் கொடுத்து, டியூப் போட்டுக் காற்றடித்து ஓட்டினேன். கடைசி வரை தாங்கியது. பர்ஸில் கிரெடிட் கார்டு மட்டும் வைத்திருக்கும் தலைமுறைக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

பயிற்சிக்கு வருகிறேன். ஃப்ளைஓவர் வேண்டாம். உங்கள் ஆபீசில் பல மாடி பார்க்கிங் இருக்குமே, அதன் சரிவில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறுங்கள். சிரிக்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடித்துக் குனிந்தபடி ஒரு மணி நேரம் நடந்தால் இடுப்பும் கெண்டைக்காலும் என்ன பாடு படும் என்று தெரியும். பெரும்பாலான மிதிவண்டிக்காரர்கள் இதைப் பழகுவதில்லை. அடியில் ரப்பர் உள்ள ஷூ வாங்குங்கள். ரோட்டு சைக்கிள் ஷூ அந்தக் கற்களில் வழுக்கும். உயரத்துக்குப் பழக இரண்டு மூன்று வாரம் முன்னதாகவே போவது நல்லது. லீவு யார் தருகிறார்கள்?

சாப்பாடு: கடலை மிட்டாய் கொண்டுபோகாதீர்கள். நான் ஆசையாகக் கொண்டுபோனேன். வாய் மூச்சுக்கே போதாதபோது மெல்ல முடியாது. தயிர்சாதத்தைக் குழையப் பிசைந்து சின்னக் கவரில் போட்டு, மூலையைக் கிழித்து உறிஞ்சினேன். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கட்டும்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இது சுரங்கத் தொழிலாளர் ஊர். 1980-களின் தொடக்கத்தில் கிளைமாக்ஸ் என்ற மாலிப்டின உலோகச் சுரங்கம் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோது, வெளியூர்க்காரர்கள் ராத்தங்கிக் காசு செலவழிக்கட்டும் என்றுதான் கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி 1983-இல் நூறு மைல் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கினார். சைக்கிள் 1994-இல் வந்தது. 12 மணி நேரத்துக்குள் முடித்தால் பரிசாக ஒரு பெல்ட் பக்கிள், ஒன்பதுக்குள் முடித்தால் இன்னும் பெரிய பக்கிள். முதலில் வருகிறவர்கள் இப்போது ஆறு மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். நான் கொலம்பைன் உச்சியைத் தொட்டபோது வென்றவர் குளித்து முடித்திருப்பார். அவரோடு எனக்கு என்ன போட்டி?

மனைவியை அழைத்துப் போகலாமா என்கிறீர்கள். அவரிடம் கேட்டீர்களா? ட்வின் லேக்ஸ் அணைக்கட்டில் புழுதியில் கால் கடுக்க நின்று, நம்மை இரண்டே தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் பார்ப்பார்கள். அந்த இரண்டு நிமிடத்திலும் நாம் “தண்ணி எங்க?” என்று எரிந்து விழுவோம். என் மனைவி இரண்டு வருடமும் வந்தார். அடுத்த தடவை போவதாக இருந்தால் தயிர்சாதம் மட்டும் பிசைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.