கொரியன் ஸ்கின்கேர் பொருட்களுக்கு ஏன் இவ்வளவு மவுசு? நம்ம ஊர் சருமத்துக்கு ஒத்துவருமா?

நாலு வருஷம் தென் கொரியாவில், சுவோன் நகரில் குடியிருந்தவள். தோல் மருத்துவர் இல்லை, எந்த பிராண்டும் எனக்குக் காசு தரவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரீல்ஸில் கண்ணாடி மாதிரி மின்னும் முகங்களைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் சியோலின் மியோங்டாங் கடைத்தெருவுக்குப் போனேன். வாசலிலேயே ஒரு ஷீட் மாஸ்க்கைக் கூடையில் போட்டு உள்ளே இழுத்துவிட்டார்கள். குஷன் கேட்டேன். டப்பாவுக்குள் ஃபவுண்டேஷனில் ஊறிய ஸ்பாஞ்ச், அதுதான் குஷன். 2008இல் ஐயோப் என்ற கொரிய பிராண்ட் கொண்டுவந்தது. பார்க்கிங் சீட்டில் குத்தும் முத்திரையைப் பார்த்து உதித்த யோசனையாம். விற்கிற பெண் 21ஆம் நம்பர் ஷேடை எடுத்தாள், என்னை நிமிர்ந்து பார்த்தாள், வைத்துவிட்டு 23ஐ எடுத்தாள். புறங்கையில் தட்டினாள். விபூதி பூசின மாதிரி இருந்தது. இன்னும் டார்க்காக இருக்கிறதா என்றேன். அந்தக் கடையில் 23தான் கடைசி. அவளுக்கே சங்கடமாகி, டிஷ்யூவால் என் கையைத் துடைத்துவிட்டு இரண்டு சாம்பிள் பாக்கெட்டைக் கூடையில் போட்டாள்.

அந்தக் கோபத்தில் சரக்கே மோசம் என்று சொல்லமாட்டேன். சன்ஸ்கிரீனுக்கு இன்றும் கொரியாதான். பிசுபிசுக்காது. ஆனால் ஸிங்க் ஆக்ஸைடு சேர்ந்ததை வாங்காதீர்கள், நம் நிறத்தில் வெள்ளை பூக்கும். விலை குறைவுக்கும் காரணம் உண்டு. காஸ்மாக்ஸ், கோல்மார் மாதிரி ஆலைகளே ஃபார்முலா முதல் டப்பா வரை செய்து தருவதால், சொந்த ஆலை இல்லாத சின்ன பிராண்டும் புதுசு புதுசாக இறக்கலாம். மிஷா என்ற பிராண்ட் ஆரம்பத்தில் 3,300 வோனுக்கு விற்றே பெரிய கடைகளை மிரட்டியது.

‘சிக்கா’ கிரீம் வேறொன்றுமில்லை, வல்லாரை. அம்மாவிடம் சொன்னதற்கு, "துவையல் அரைச்சா மூஞ்சியத் திருப்பிக்குவ" என்றாள். உடனே "எல்லாம் நம் முன்னோர்" என்று கிளம்பாதீர்கள். இலையை அரைத்துப் பூசுவதும் அதன் சத்தைப் பிரித்தெடுத்து அளவாகச் சேர்ப்பதும் ஒன்றில்லை. அங்கேயும் பழசெல்லாம் நல்லதாக இல்லை: 1916இல் வந்து சக்கைப்போடு போட்ட ‘பக்காபுன்’ பவுடரில் ஈயம். பூசினவர்கள் முகம் கெட்டு, 1937இல் கடையைக் கட்டினார்கள்.

நிஜமாகக் கேட்க வந்தது "கலர் வருமா" என்பதானால், வராது. வெண்மை கிரீம் என்று விற்பதில் பெரும்பாலும் நியாசினமைடு, அதாவது வைட்டமின் பி3யின் ஒரு வடிவம். பருத்தழும்பு மங்கும், பிறந்த நிறம் அப்படியேதான்.

இதை எங்கள் சொந்தத்தில் யாரும் நம்பவில்லை. ஒவ்வொரு லீவுக்கும் வாட்ஸப்பில் லிஸ்ட் வரும். ஒரு கல்யாணத்துக்காக என் புடவைகளை எடுத்துவிட்டு, 23 கிலோ பெட்டியில் பதினாலு டப்பா கிரீம் சுமந்து வந்தேன். மணப்பெண்ணுக்குக் குழந்தையே பிறந்தாயிற்று. சித்தி, இதைப் படித்தால், ஜிபே நம்பர் மாறவில்லை.