நிலா தேயும், வெள்ளம் வடியும்: ‘மெல்ல மறைதல்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

ஐஇஎல்டிஎஸ், மருத்துவத் துறையினருக்கான ஓஇடி ஆகிய ஆங்கிலத் தேர்வுகளுக்குப் படிக்கும் மாணவர்களின் நோட்டில் பெரும்பாலும் இப்படி ஒரு பக்கம் இருக்கும். மேலே ‘டிஸப்பியர்’. அதற்குக் கீழே ஃபேட், வெய்ன், டிவிண்டில், பீட்டர் அவுட், டேப்பர் ஆஃப், வேனிஷ் என்று பத்துப் பன்னிரண்டு சொற்கள். எல்லாவற்றுக்கும் எதிரே ‘மறைதல்’ என்று ஒரே பொருள். ஐஇஎல்டிஎஸ் எழுத்துத் தேர்வில் மதிப்பெண் (மொத்தம் 9) 6-ஐத் தாண்டாமல் நிற்பதற்கு இந்தப் பக்கமும் ஒரு காரணம். ஐஇஎல்டிஎஸ் எழுத்தில் நான்கில் ஒரு பங்கு மதிப்பெண் சொல்வளத்துக்கு. அரிய சொற்களை முயன்று பார்க்கிறார், ஆனால் தவறுகள் இருக்கின்றன என்றால் 6. எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்று ஓரளவாவது தெரிந்து எழுதினால் 7. அதனால் பட்டியலை நீட்டிப் பயனில்லை.

இந்தச் சேர்க்கை உணர்வு தமிழில் உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. நிலா தேய்கிறது, வெள்ளம் வடிகிறது, குளம் வற்றுகிறது, காய்ச்சல் தணிகிறது, சத்தம் அடங்குகிறது, சாயம் வெளுக்கிறது. ‘வெள்ளம் வெளுத்தது’ என்று பேசப் பழகும் குழந்தைகூடச் சொல்லாது. ஆங்கிலமும் அப்படித்தான். மறைவது எது என்று முதலில் கேளுங்கள். வினைச்சொல் அதன் பின்னால் வரும். நோட்டையும் அதேபோல் மாற்றுங்கள்: இடப்பக்கம் பெயர்ச்சொல், வலப்பக்கம் அதனோடு சேரும் வினை.

நிறம், ஒளி, ஒலி, நினைவு, நம்பிக்கை ஆகியவற்றுக்கு ‘ஃபேட்’. எண்ணிக்கைக்கும் கையிருப்புக்கும் ‘டிவிண்டில்’. ஐஇஎல்டிஎஸ் எழுத்தில் வரைபடத்தை விளக்கும் முதல் கேள்வியில் பலர் சறுக்குவது இங்கேதான். 900 பேர் 40 பேராகக் குறைந்தால் ‘டிவிண்டில்’ பொருந்தும், ஏனென்றால் மிஞ்சியது சொற்பம் என்ற குறிப்பு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. 900 என்பது 780 ஆனால் ‘டிக்ளைன்’ அல்லது ‘ஃபால்’ போதும். செல்வாக்கு, ஆர்வம், புகழ் ஆகியவற்றுக்கு ‘வெய்ன்’. தேய்பிறைக்கு உரிய சொல் இது, ஆகவே ஒரு காலத்தில் முழுமையாக இருந்ததற்கே பொருந்தும். ‘பீட்டர் அவுட்’ கிட்டத்தட்ட நம் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. வேகமாகத் தொடங்கிய போராட்டமோ பேச்சோ போகப்போகப் பிசுபிசுத்து நின்றுபோவது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர் வழக்கிலிருந்து வந்த பேச்சுச் சொல். பேச்சுத் தேர்வில் தாராளமாகச் சொல்லலாம், வரைபடத்தை விளக்கும் 150 சொல் அறிக்கையில் வேண்டாம்.

‘டை’ என்பதோடு சேரும் சிறு சொல்லும் பொருளை மாற்றும். காற்றும் ஆரவாரமும் அடங்கினால் ‘டை டவுன்’. மறுபடி எழ வாய்ப்புண்டு. ஒரு இனமோ வழக்கமோ அற்றுப்போனால் ‘டை அவுட்’, திரும்பி வராது. ஒலி தேய்ந்து கேட்காமல் போனால் ‘டை அவே’.

செவிலியர் பணிக்கு ஓஇடி எழுதுபவர்கள் ஒரு இணையைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும். வலி ‘சப்சைட்’ ஆனது என்றால் நோயாளிக்கு நிம்மதி. மருந்தின் வேகம் ‘வேர் ஆஃப்’ ஆனது என்றால் வலி திரும்பப் போகிறது, அடுத்த வேளை மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இரண்டிலும் ஏதோ ஒன்று குறைகிறது, ஆனால் செய்ய வேண்டியது நேர் எதிர். ‘டேப்பர்’ என்பதும் அப்படியே. பல வாரம் ஸ்டீராய்டு எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால், அதுவரை ஓய்ந்திருந்த, உடலுக்குள் ஸ்டீராய்டு சுரக்கும் அட்ரினல் சுரப்பி உடனே வேலைக்குத் திரும்பாது. அதனால்தான் அளவைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள், அதுதான் ‘டேப்பர்’. ஓஇடி எழுத்துத் தேர்வில் எழுதும் கடிதத்தில் ‘டேப்பர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஸ்டாப்’ என்று எழுதினால் மருத்துவக் குறிப்பே மாறிவிடும். கடிதம் 180 முதல் 200 சொல்தான், நேரம் 45 நிமிடம். அதிலும் முதல் 5 நிமிடம் படிக்க மட்டுமே. ஒரு சொல் பிசகினாலும் பளிச்சென்று தெரியும்.

அடுத்தது இலக்கணம். ‘காடுகள் மறைந்துவிட்டன’ என்பதை ‘ஃபாரஸ்ட்ஸ் ஆர் டிஸப்பியர்ட்’ என்று எழுதுவது மிகப் பரவலான தவறு. ‘டிஸப்பியர்’ தானாக நிகழும் வினை, அங்கே ‘ஹேவ்’ தான் வரும். (ஒரு மனிதரைப் பற்றி ‘வாஸ் டிஸப்பியர்ட்’ என்று செய்தியில் கண்டால் அது தவறல்ல, அவரைக் கடத்திக் காணாமல் ஆக்கினார்கள் என்று பொருள்.) ‘ஃபேஸ் அவுட்’ இதற்கு நேர்மாறு: யாரோ ஒருவர் திட்டமிட்டுக் கட்டம் கட்டமாக நீக்குவது. எனவே பழைய நாணயம் தானாக ‘ஃபேஸ் அவுட்’ ஆகாது, அரசு அதைச் செய்ய வேண்டும். கற்போர் அகராதிகளில் வினைக்குப் பக்கத்தில் ‘ஐ’ என்ற எழுத்து இருந்தால் செயப்படுபொருள் வேண்டாத வினை, ‘டி’ இருந்தால் செயப்படுபொருள் வேண்டும். பொருளைப் படிக்கும் முன் அந்த எழுத்தைப் பாருங்கள்.

ஒரு சிறு சொல் எவ்வளவு கனமானது என்பதற்கு 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாடு நல்ல சாட்சி. நிலக்கரி மின்சாரம் பற்றிய வரைவில் ‘ஃபேஸ் அவுட்’ என்று இருந்தது, கடைசி நேரத்தில் ‘ஃபேஸ் டவுன்’ ஆனது. முதலாவது அடியோடு நீக்குவது. இரண்டாவது குறைப்பது மட்டும். சுற்றுச்சூழல், சட்டம், அரசியல் படிக்கப்போகிறவர்கள் இந்த வேறுபாட்டை நேர்காணலில் விளக்கத் தெரிந்திருந்தால் கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

மென்பொருள் வேலைக்குப் போகிறவர்களுக்கு ‘டெப்ரிகேட்டட்’. இதை ‘நீக்கப்பட்டது’ என்று புரிந்துகொள்வது தவறு. இன்னும் வேலை செய்யும், ஆனால் புதிதாகப் பயன்படுத்தாதீர்கள், பின்னால் எடுத்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கை அது. இணையத்தில் அசைபடங்களும் விளையாட்டுகளும் ஓடப் பயன்பட்ட ஃபிளாஷ் பிளேயரை நிறுத்தப்போவதாக அடோபி நிறுவனம் 2017-இல் அறிவித்தது, ஆதரவு முடிந்தது 2020 டிசம்பர் 31-இல். நடுவில் இருந்த மூன்றாண்டுக்கும் மேற்பட்ட அவகாசத்தைத்தான் இந்தச் சொல் குறிக்கிறது. ‘டெப்ரிஷியேட்டட்’ என்று உச்சரித்துவிடாதீர்கள், அது கணக்குப் பதிவில் சொத்தின் மதிப்பு தேய்வது. மனிதவளத் துறையில் ‘அட்ரிஷன்’: ஆட்கள் தாமாக விலகுவதாலும் ஓய்வு பெறுவதாலும் எண்ணிக்கை குறைவது. அதை ஆட்குறைப்பு என்று மொழிபெயர்த்தால் நிறுவனம் யாரையோ வெளியேற்றியதாக ஆகிவிடும்.

பயிற்சிக்கு ஒரு நாளைக்கு ஐந்து பெயர்ச்சொல் போதும். சொற்சேர்க்கை அகராதியில் வினையைத் தேடாமல் பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். ‘ஹோப்’ என்று போட்டால் ‘ஃபேட்’ தானே வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம். பெற்றோர் உதவ நினைத்தால் ‘டிவிண்டில் என்றால் என்ன?’ என்று கேட்காதீர்கள். ‘கையிருப்பு குறைந்தால் எந்தச் சொல்?’ என்று கேளுங்கள். எழுதி முடித்ததும் ‘கிராஜுவலி’ வரும் இடங்களைத் தேடிப் பாருங்கள். ‘ஃபேட்’ பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் அடித்துவிடலாம், மெதுவாக என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. ‘வேனிஷ்’ பக்கத்தில் இருந்தால் வினையையே மாற்றுங்கள். அது சட்டென்று மறைவதற்கான சொல்.