லெங்கோங் குகைகளுக்குப் பிள்ளைகளோடு செல்லலாமா?

கேள்வி: பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள லெங்கோங் பள்ளத்தாக்கிற்குச் செல்ல எண்ணியுள்ளோம். பிள்ளைகள் காண அங்கே என்ன உண்டு?
– தோட்டத்து வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அவசியம் செல்லுங்கள். கரியமில வாயுவை ஏற்ற மழைநீர் மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புப் பாறையைக் காலங்காலமாகக் கரைத்ததால் உருவான குகைகளுள் ஒன்றான குவா குனோங் ருந்துவில்தான், ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ‘பேராக் மனிதனின்’ எலும்புக்கூடு கண்டெடுக்கப்பட்டது. இடக்கை ஊனத்தோடு பிறந்தும் நடுத்தர வயதுவரை வாழ்ந்த அவரை, கால்களை மடக்கி, ஆற்று நத்தை ஓடுகளோடு அடக்கம் செய்திருக்கிறார்கள். அந்த அக்கறையைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள். யுனெஸ்கோ 2012இல் இப்பள்ளத்தாக்கை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. முதலில் கோத்தா தம்பான் தொல்லியல் காட்சியகத்தைப் பார்த்து, எந்தக் குகைக்கு அனுமதி வேண்டும் என்பதையும் அங்கேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வழுக்காத காலணியும் கைவிளக்கும் தேவை. சுண்ணாம்புப் படிவங்களைத் தொட வேண்டாம்.