எத்தனை வருடம் தூங்கினாலும் ஒன்றரை லெவல்தான்!

வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டுப் பக்கம்

கேள்வி: அண்ணே, காலேஜ் நாட்களில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற ஆன்லைன் விளையாட்டை விடிய விடிய ஆடினவன் நான். அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தை என்று விட்டுப்போச்சு. போன மாதம் மறுபடி சந்தா கட்டி உள்ளே போனால் மெயின் (முக்கியமாக ஆடும் ஆள்) தவிர பத்துக்கும் மேலே ஆல்ட் (பக்கத்தில் வளர்த்த மற்ற ஆட்கள்) வரிசையாக நிற்கிறது. எதைத் திறந்தாலும் எந்தப் பட்டன் எதற்கு என்றே தெரியவில்லை. எல்லாவற்றையும் தூசு தட்டி மேலே கொண்டுவர வேண்டுமா? காசு கொடுத்து பூஸ்ட் வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பர்ஸை முதலில் உள்ளே வையுங்கள் தம்பி. பூஸ்ட் விலை 60 டாலர், நம்ம காசுக்கு அது சின்னத் தொகை இல்லை. அது லெவலைத்தான் தூக்கிக் கொடுக்கும், உங்கள் விரலுக்கு ஒன்றும் சொல்லித்தராது. மறந்துபோன ஒரு ஆளை ஒரே நாளில் உச்சிக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? திரையில் இருக்கும் பார் நிறைய முப்பது பட்டன், அதில் எதுவும் பழக்கமில்லை, குழுவாகச் சண்டை போடும் டன்ஜனுக்குள் போனால் கூட வந்த நாலு பேரும் உங்களையே பார்ப்பார்கள், இரண்டு நாளில் அந்த ஆல்ட் மறுபடி தூங்கப் போய்விடும். லெவல் ஏறுவதை எல்லோரும் தண்டனை மாதிரி பேசுகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கை பழகுவதற்கான நேரமே அதுதான். ஆட்டத்துக்குப் புதுப் பகுதியாக வரும் விரிவாக்கத்தின் சில பதிப்புகளோடு பூஸ்ட் சும்மாவே வரும், அப்படி வந்தால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் முன்பின் ஆடாத கிளாஸுக்கு (வீரன், மந்திரவாதி மாதிரி ஆள் வகை) போடாதீர்கள்.

பட்டன் புரியவில்லை என்பது உங்கள் ஞாபகக் கோளாறு இல்லை. 2022 அக்டோபரில், டிராகன்ஃபிளைட் விரிவாக்கம் வருவதற்கு முந்தைய அப்டேட்டிலேயே, ஆளின் திறமைகளைத் தேர்ந்தெடுக்கும் டேலன்ட் மரங்களை அடியோடு மாற்றிவிட்டார்கள். அதற்கு முன் நீங்கள் போட்டு வைத்திருந்த டேலன்ட் எல்லாம் போயே போச்சு, எடுக்கப்பட்ட மந்திரங்கள் இருந்த இடத்தில் ஆக்‌ஷன் பார் பொக்கை வாய் மாதிரி இளிக்கும். அதை ஒட்டுப்போட உட்காராதீர்கள். பாரை மொத்தமாகக் காலி செய்துவிட்டு, தயாராகக் கிடைக்கும் டேலன்ட் அமைப்பு ஒன்றைப் போட்டுக்கொண்டு, தலைநகரில் இருக்கும் பயிற்சி பொம்மையிடம் போய் ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பாருங்கள். கால் மணி நேரம் போதும். அந்தக் கால் மணி நேரத்தில் கை தானாக இன்னொரு அடி அடிக்கப் போகிறதா, இல்லை கண் கடிகாரத்தைப் பார்க்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள். கடிகாரத்தைப் பார்த்தால் அந்த ஆள் உங்களுக்கு இல்லை, அடுத்ததைத் திறங்கள்.

எல்லாவற்றையும் மேலே கொண்டுவரத் தேவையே இல்லை. ஆனால் எல்லாவற்றுக்குள்ளும் ஒரு தடவை போய்வந்துவிடுங்கள், அதில் லாபம் இருக்கிறது. பையிலும் பேங்கிலும் அந்த ஆளோடு பிணைந்து கிடக்கும் பழைய சட்டை, தோள்கவசம், கத்தி இதெல்லாம் 2016 லீஜன் விரிவாக்கக் காலத்திலிருந்து உள்ளே நுழைந்தாலே தோற்றத் தொகுப்பில் (உடை, ஆயுதங்களின் தோற்றத்தைச் சேர்த்து வைக்கும் பட்டியல்) சேர்ந்துவிடும். அதற்கு முன்பே தூங்கப்போன ஆல்ட் என்றால் திரையில் அறிவிப்பு வரிசையாக ஓடும், பார்க்கவே குஷியாக இருக்கும். அப்புறம் தங்கம், ஆட்டத்துக்குள் அதுதான் காசு. 2024-இல் தி வார் விதின் விரிவாக்கம் வந்தபோது வார்பேண்ட் பேங்க் என்று ஒன்றைத் திறந்தார்கள், உங்கள் கணக்கில் இருக்கும் எல்லா ஆளுக்கும் பொதுவான பெட்டி அது. முதல் தட்டு 1,000 தங்கம், இரண்டாவது 25,000, மேலே போகப்போக விலை எகிறும், ஐந்தாவது 25 லட்சம்! ஒரு தட்டு போதும். ஆளுக்கு இருநூறு முந்நூறு என்று முடங்கிக் கிடக்கும் தங்கத்தையும், மூலிகை, தாது, துணி போன்ற சரக்கையும் அதில் கொட்டிவிடுங்கள். முன்பெல்லாம் இதற்குத் தபால் பெட்டிக்கும் தபால் பெட்டிக்கும் ஓடிக்கொண்டிருந்தோம்.

தபால் என்றதும் ஒரு கெட்ட செய்தி. இந்த ஆட்டத்தில் தபாலுக்கு ஆயுள் 30 நாள். நண்பர் அனுப்பிய பொருள் அவருக்கே திரும்பிப் போயிருக்கும், ஏலக் கடையில் விலை போகாமல் திரும்பி வந்து யாரும் எடுக்காதது அழிந்திருக்கும். போனது போனதுதான், தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

பாதியில் விட்ட க்வெஸ்ட்களையும் (ஆட்டத்தில் கொடுக்கும் வேலைகள்) தயங்காமல் கைவிடுங்கள். 2010 டிசம்பரில் கேடக்ளிசம் விரிவாக்கம் வந்தபோது பழைய உலகத்தையே உடைத்துத் திருப்பிக் கட்டினார்கள், அதற்கு முந்தைய க்வெஸ்ட் பலவற்றில் வேலை கொடுத்த ஆளே இன்று கிடையாது. பத்தாவது லெவல் தாண்டிய ஆல்ட் என்றால் தலைநகரான ஸ்டார்ம்விண்டிலோ ஆர்க்ரிமாரிலோ நிற்கும் குரோமி என்ற பாத்திரத்திடம் போய், எந்த விரிவாக்கத்தில் ஆட ஆசையோ அதைச் சொன்னால் அந்தக் காலத்துக்கே அனுப்பிவைப்பாள். அன்றைக்குப் பாதியில் நிறுத்திய நார்த்ரெண்ட் கண்டத்தை இப்போது முதலிலிருந்து ஆடலாம்.

எத்தனை ஆல்ட் வைத்துக்கொள்வது என்று கேட்டால், உள்ளே நுழையும் திரையைப் பாருங்கள். வார்பேண்ட் (உங்கள் ஆட்கள் எல்லோரும் சேர்ந்த கூட்டம்) வந்த பிறகு அங்கே நாலு பேர் ஒன்றாக முகாம் போட்டு நெருப்பருகே உட்கார்ந்திருக்கிறார்கள், மற்றவர்கள் பக்கத்துப் பட்டியலில் வெறும் பெயராக நிற்கிறார்கள். உங்கள் வயதில், வீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு, அந்த நாலே அதிகம்.

கேள்வி: சார், வார்கிராஃப்டில் என் ஹண்டர் (வேட்டைக்காரன்) 80-ஆவது லெவலில் இருந்தான். திறந்து பார்த்தால் அதில் பாதிகூட இல்லை. பை நிறைய அம்பு கிடக்கிறது, எதற்கும் உதவவில்லை. யாராவது என் கணக்கை ஹேக் செய்துவிட்டார்களா?
– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: யாரும் கை வைக்கவில்லை. 2020 அக்டோபரில் லெவல்களை மொத்தமாகச் சுருக்கினார்கள். 120-இல் இருந்தவர்கள் 50-க்கு வந்தார்கள், மற்ற எல்லோரும் அந்தக் கணக்கிலேயே இறங்கினார்கள். பலம் குறையவில்லை, எண்தான் குறைந்தது. அம்பு சமாசாரம் அதைவிடப் பழசு. 2010-லேயே வில்லுக்கு அம்பு வாங்கும் வேலையை எடுத்துவிட்டார்கள், உங்களிடம் இருப்பது சாம்பல் நிறக் குப்பை, கடைக்காரரிடம் தள்ளினால் சில்லறை வரும். முதலுதவித் தொழில் கற்று வைத்திருந்தீர்கள் என்றால் அதையும் தேட வேண்டாம், 2018-இல் தூக்கிவிட்டார்கள்.

கேள்வி: என் மகன் இந்த வார்கிராஃப்ட் விளையாட்டில் மட்டும் ஆறு ஆள் வைத்திருக்கிறான். ஆறுக்கும் தனித்தனியாகக் காசா? பாதியை அழிக்கச் சொல்லலாமா?
– ஒரு அம்மா, தஞ்சாவூர்

பதில்: காசு கணக்குக்குத்தான் அம்மா, ஆளுக்கு இல்லை. ஆறு இருந்தாலும் ஒன்று இருந்தாலும் சந்தா ஒன்றே. அழிக்கச் சொன்னால் வீட்டில் சண்டைதான் மிச்சம், பலன் கிடையாது. அழித்ததை மீட்டுக்கொள்ளும் வசதியும் அந்த விளையாட்டிலேயே இருக்கிறது, அது உங்கள் மகனுக்குக் கண்டிப்பாகத் தெரியும். நேரத்தைப் பற்றிப் பேசுங்கள், ஆட்களை விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் ஆல்ட்களை எல்லாம் விளையாட்டுக்குள் இருக்கும் விடுதியில் நிறுத்திவிட்டுத்தான் ஆட்டத்தை விட்டேன். வருடக்கணக்காகத் தூங்குகிறார்களே, ரெஸ்டட் எக்ஸ்பி (ஓய்வில் சேரும் அனுபவப் புள்ளி ஊக்கம்) மலைபோலச் சேர்ந்திருக்குமா?
– ஒரு வாசகி, கோவை

பதில்: ஆசை பெரிசுதான்! விடுதியில் 8 மணி நேரத்துக்கு ஒரு லெவலில் 5 சதவீதம் சேரும், ஒன்றரை லெவல் அளவு சேர்ந்ததும் நின்றுவிடும். அதற்குப் பத்து நாள் போதும். மிச்ச வருடங்கள் எல்லாம் சும்மா தூக்கம். காட்டில் வெட்டவெளியில் விட்டிருந்தால் வேகம் கால்வாசி, ஆனால் இத்தனை வருடத்தில் அதுவும் நிரம்பியிருக்கும். இன்னொன்று, இந்த ஊக்கம் எதிரியைக் கொல்லும்போது இரட்டிப்பாகக் கிடைக்கும், க்வெஸ்ட் முடித்து வாங்கும் எக்ஸ்பிக்கு ஒட்டாது. பாண்டாரென் இனத்தில் ஆள் இருந்தால் அதற்கு மட்டும் இரண்டு மடங்கு தாங்கும். ஆகவே ஒன்றையே பிடித்துக்கொண்டு ஓட்டாமல் இரண்டு மூன்று ஆல்ட்களை மாற்றி மாற்றி ஆடுங்கள், ஊக்கம் தீர்ந்ததும் விடுதியில் விட்டு அடுத்ததை எடுங்கள். வாரக் கடைசியில் மட்டும் ஆடுகிறவர்களுக்கு இது ரொம்பத் தோது.