நன்றாக ஓடுகிற பையன் விளையாட்டு அறிவியல் படிக்கலாமா?

வணக்கம் அக்கா. உங்கள் பையனைப் பற்றி, "நல்லா ஓடுறான்னு அதையே படிக்க வைக்க முடியுமா, வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருந்தீர்கள். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பெற்றோர் பலருக்கும் இதே பயம்தான். ஆனால் ஓடுவது வேறு, உடம்பு எப்படி ஓடுகிறது என்று படிப்பது வேறு. தம்பிக்கு இரண்டாவதிலும் ஆசை இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்தப் படிப்பு எப்படி இருக்கும் என்பதற்கு தோட்டத்தில் வேலை செய்யும் உங்கள் வீட்டு அண்ணனையே எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை வெட்ட நீளக் கம்பை அவர் அண்ணாந்து தூக்கும்போது, நரம்பு வழியாகத் தசைக்குக் கட்டளை போகிறது. தசை நாருக்குள் கால்சியம் வெளிப்படுகிறது. உடனே மயோசின் என்ற புரதத்தின் தலைகள் பக்கத்திலுள்ள ஆக்டின் இழையைப் பற்றி இழுத்து, விட்டு, மறுபடி பற்றுகின்றன, படகில் துடுப்புப் போடுவது போல. இழைகள் குறுகுவதில்லை, ஒன்றையொன்று உரசி நகர்கின்றன. 1954-இல்தான் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக இதை எழுதின. ஒவ்வொரு இழுப்புக்கும் ஏடிபி என்ற எரிபொருள் செலவாகிறது. லேசான வேலைக்குச் சின்ன நார்களே போதும். காம்பில் அரிவாளை மாட்டிச் சட்டென்று இழுக்கும்போது பெரிய, வேகமான நார்களும் சேர்ந்துகொள்கின்றன. அவற்றுக்குப் பலம் அதிகம், ஆனால் சீக்கிரம் களைத்துவிடும்.

களைப்புக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று பலர் சொல்வார்கள். அது முழுப் பதில் இல்லை. நாருக்குள் பாஸ்பேட் சேர்கிறது, கால்சியம் வெளிவருவது குறைகிறது, நேரம் ஆக ஆகச் தசையில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பும் தீர்கிறது. வெயிலில் உடம்பு சூடேறித் தண்ணீரும் குறைந்தால் இன்னும் சீக்கிரம் தளர்ந்துவிடும். இன்னொன்று, பளு தூக்கிப் பழகும் முதல் சில வாரங்களில் பலம் கூடுவது பெரும்பாலும் தசை பெருப்பதால் அல்ல, நரம்பு அதை நன்றாக ஏவக் கற்றுக்கொள்வதால்.

இதைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள். "ஏன் அப்படி?" என்று அவன் திருப்பிக் கேட்டால் இந்தத் துறை அவனுக்கு ஒத்துவரும். காதில் வாங்கவே இல்லையென்றால் அவன் ஆசைதீர விளையாடட்டும், படிப்புக்கு வேறு துறை பார்ப்போம்.

சரி, வேலைக்கு வருவோம். விளையாட்டு அறிவியலுக்கு நம் பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் உப்சி என்ற சுல்தான் இத்ரிஸ் கல்விப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கிளந்தான் மாநிலத்துக் குபாங் கெரியானில் யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்), அப்புறம் யுஐடிஎம் (மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்). முடித்தவர்கள் பயிற்றுநராக, உடற்கல்வி ஆசிரியராக, உடற்பயிற்சிக் கூடங்களில் வேலை செய்கிறார்கள். கோலாலம்பூர் புக்கிட் ஜாலிலில் உள்ள தேசிய விளையாட்டுக் கழகம் போன்ற இடங்களுக்குப் போட்டி கடுமை. குடும்பத்துக்கு நிலையான வருமானம் முக்கியம் என்றால் நான் பிசியோதெரபியைத்தான் சொல்வேன். பக்கவாதம் வந்தவர், முட்டி அறுவைச் சிகிச்சை செய்தவர் என எல்லா ஊரிலும் தேவை இருக்கிறது. இது துணைச் சுகாதாரத் தொழில்களுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு தேவைப்படும் தொழிலாகவும் இருக்கிறது. தசையைப் பற்றி அவன் படிக்க நினைப்பது அங்கேயும் உண்டு.

இப்போது அவன் படிவம் மூன்று. அடுத்த ஆண்டுப் பாடத் தேர்வில் உயிரியலையும் வேதியியலையும் விட்டுவிடாதீர்கள். கஷ்டம் என்று வேதியியலைத் தவிர்த்த பிள்ளைகளுக்குப் பிறகு பாதி வழி அடைபட்டுவிடுகிறது. பள்ளியில் விளையாட்டு அறிவியல் பாடம் இருந்தால் கூடுதலாக எடுக்கட்டும், இவற்றுக்குப் பதிலாக வேண்டாம். தனியார் கல்லூரிக்காரர் யாராவது வீடு தேடி வந்தால், அந்தப் படிப்புக்கு எம்கியூஏ என்ற மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பிடிபிடிஎன் என்ற அரசாங்க உயர்கல்விக் கடன் பற்றிப் பேசுங்கள். அதுவரை எந்தப் பாரத்திலும் கையெழுத்துப் போட வேண்டாம்.