யாருக்கும் கொடுக்காத மின்னஞ்சல் முகவரி விளம்பரக்காரர்களுக்கு எப்படிக் கிடைக்கிறது?

பெரும்பாலும் அது உங்களை அறிந்தவர்கள் வழியாகவே போகிறது. நண்பர் ஒருவர் புதிய செயலியை நிறுவி, தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதித்தால், அதிலுள்ள உங்கள் முகவரியும் அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய்விடலாம். உங்கள் சார்பில் சம்மதம் தர அவருக்கு உரிமை இல்லை என்பதே என் உறுதியான கருத்து. புதிய பயனர்கள் சிலரிடம் மின்னஞ்சல் பாஸ்வேர்டையே கேட்டுவந்த ஃபேஸ்புக், 2016 மே முதல் சுமார் 15 லட்சம் பேரின் மின்னஞ்சல் தொடர்புகளை அனுமதியின்றிப் பதிவேற்றியிருந்ததை, தவறுதலாக நேர்ந்தது என்று சொல்லி, 2019 ஏப்ரலில் ஒப்புக்கொண்டது.

இதைவிடச் சாதாரணமான வழியும் உண்டு. சங்கக் கூட்ட அறிவிப்பை அனுப்புபவர் அத்தனை உறுப்பினர்களின் முகவரிகளையும் ‘பெறுநர்’ கட்டத்தில் அடுக்கினால், ஒவ்வொருவருக்கும் முழுப் பட்டியலும் கிடைத்துவிடுகிறது (இது அடிக்கடி நடக்கிறது). ‘பிசிசி’ (Bcc, மறைநகல்) கட்டத்தில் இட்டிருந்தால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாது.